ஆறுக்கு மூன்று: பாகவதரைச் சிறைக்கு அனுப்பிய ஜூரி

ஒரே ஒரு ஜூரர் மாற்றிச் சொல்லியிருந்தால், 1945-ல் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அன்றைக்குத் தண்டனை அடைந்திருக்க மாட்டார்கள்.

நட்சத்திரங்களைப் பற்றி அவதூறு எழுதி வந்த "இந்து நேசன்" பத்திரிகையின் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். சதி செய்ததாக பாகவதர், என்.எஸ்.கே., கோவை பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள்.

வழக்கு சென்னை ஐகோர்ட்டில் நடந்தது. அன்று பாலக்காடு சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே பாலக்காட்டாருக்கும் அதுவே ஐகோர்ட்டு.

ஒன்பது பேர் கையில்

ஐகோர்ட்டு செஷன்ஸில் ஜூரர்கள் ஒன்பது பேர். சட்டம் படித்தவர்கள் அல்ல. சாதாரண ஊர் மனிதர்கள். குற்றம் நடந்ததா என்று சொல்வது அவர்கள் வேலை. சட்டத்தை விளக்குவது நீதிபதி வேலை. குறைந்தது ஆறு பேர் ஒரே கருத்தைச் சொல்லி, நீதிபதியும் ஒத்துக்கொண்டால் அதுவே தீர்ப்பு.

எதிரித் தரப்பு வக்கீலின் பாடு இங்கேதான். ஊரெல்லாம் பேசிய வழக்கு. ஜூரர்களும் அதே ஊரில் பேப்பர் படிப்பவர்கள். காதில் விழுந்ததை மறந்து, கூண்டில் சொன்னதை மட்டும் நினைக்கும்படி அவர்களைச் செய்ய வேண்டும். அப்ரூவராக மாறியவன் சொல்வதை வேறு சாட்சியம் இல்லாமல் நம்புவது ஆபத்து என்பதை எளிய பேச்சில் புரிய வைக்க வேண்டும். வக்கீல் எவ்வளவு பேசினாலும், கடைசியாக ஜூரர் காதில் விழுவது நீதிபதியின் தொகுப்புரை.

ஜூரர்கள் ஆறுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் ஆயுள் தண்டனை. ஏன் என்று ஜூரர் காரணம் எழுத வேண்டியதில்லை. காரணம் தெரியாத முடிவை அப்பீலில் எப்படி உடைப்பது?

ஐகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடி ஆனது. லண்டன் பிரிவி கவுன்சில், அதை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் இருவரையும் விடுதலை செய்தார்கள். அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை.

இன்று

1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் இருக்கவில்லை. அது 1974 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்து, 2024 வரை நடப்பில் இருந்தது. இன்று நீதிபதி ஒருவரே கேட்டு, காரணத்தோடு தீர்ப்பு எழுதுகிறார். அந்தக் காரணத்தைப் படித்துப் பார்த்து அப்பீல் செய்யலாம். எதிரிக்கு இது பெரிய லாபம்.

ஆனால் தேவிகுளத்திலோ சித்தூரிலோ கூண்டில் நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கு வேறொரு கஷ்டம் உண்டு. சாட்சி மலையாளத்தில் சொல்வது பாதிதான் புரியும். புரியாததற்கும் தலையாட்டி விடுவார். எதிரிக்குத் தெரியாத மொழியில் சாட்சி சொன்னால், அதை அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 'புரியவில்லை' என்று வாய்திறந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று மலைக்கவும் வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் இலவச வக்கீல் கேட்கலாம். கோர்ட்டிலேயே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

பாகவதர் லண்டன் வரை வழக்காட முடிந்தது. லயத்தில் இருப்பவருக்கு அது முடியாது. அவர் முதல் கோர்ட்டிலேயே, முதல் நாளிலேயே, தம் வக்கீலிடம் முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும்.