ஊருக்குப் போகிறீர்கள், உங்கள் நாய்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணைத் தாண்டி, கட்டடங்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதன் இரும்புக் கதவில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. துணி காயப்போடும் நைலான் கயிறு. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு. கழுத்துப் பட்டையில் செருகிய துண்டுச் சீட்டில் இந்தியில் நாலே வரி.

"பெயர் ராஜா. வயது 6. யாரையும் கடிக்காது. எங்களுக்கு மாற்றல் ஆகிவிட்டது."

நல்ல ஜாதி லாப்ரடார். நாங்கள் கயிற்றை அவிழ்த்தபோது அது எங்களைப் பார்க்கவே இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போன வண்டி எந்தப் பக்கம் போயிற்றோ, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பராமரித்து, வேறு நல்ல வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறு தொண்டர் குழுவில் நானும் ஒருவன். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் போய் வருகிறேன். வார நாட்களில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா. டோம்பிவிலியில் வாடகை வீடு. என் வீட்டில் நாய் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார். நாய் வளர்க்க முடியாதவனும் நாய்த் தொண்டு செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி!

பிஸ்கட் மட்டும் போதாது

நான் இதில் சேர்ந்ததே தற்செயல்தான். ஒரு மழைக்காலத்தில் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டின் கீழ் கழுத்துப் பட்டையோடு ஒரு நாய் நடுங்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு நாள் பிஸ்கட் போட்டேன். மூன்றாம் நாள் தாராவித் தமிழ்ப் பையன்கள் இருவர் அதைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே கொண்டு போறீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பிஸ்கட் போட்டா மட்டும் போதாது அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறோம்" என்றான் ஒருவன். போனேன். அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற மராத்திப் பள்ளி ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை 'மாவ்ஷி' என்று அழைப்போம். மராத்தியில் சித்தி, பெரியம்மா முறை. குஜராத்திக் கடைக்காரர் ஒருவர், ரயில்வே ஊழியர் ஒருவர், தாராவிப் பையன்கள், நான்.

தெரு நாய் வேறு, வீட்டு நாய் வேறு

"தெருவில் எத்தனையோ நாய் பிழைக்கிறதே, இதுவும் பிழைத்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கைவிடுகிறவர்கள் தங்கள் மனசாட்சிக்குச் சொல்லும் சமாதானமும் இதுதான்.

பிழைத்துக்கொள்ளாது! தெரு நாய்க்கு ஓர் எல்லை உண்டு. எந்த டீக்கடையில் பாவ் கிடைக்கும், எந்த நேரத்தில் சாலையைக் கடக்கலாம் என்பதெல்லாம் குட்டியிலிருந்தே அதற்குத் தெரியும். வீட்டில் வளர்ந்த நாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. எந்தத் தெருவில் விட்டாலும் அது வேறு நாய்களின் எல்லை. அவை சேர்ந்துகொண்டு துரத்தும், கடிக்கும். பயந்து ஓடும் நாய் வண்டியில் அடிபடும்.

தெரு நாய்களைப் பொறுத்தவரை, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை நம் நாட்டில் இருக்கிறது. 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியது. 2001-ல் மத்திய அரசு இதற்கு விதிகள் வகுத்தது. 2023-ல் புது விதிகள் வந்தன. ஆனால் வீட்டு நாயைத் திரும்ப விட ஓர் இடம் ஏது? அதன் இடம் ஒரு வீடு. அந்த வீட்டுக் கதவு மூடிவிட்டால் வேறொரு வீடு தேடியாக வேண்டும்.

ஏன் விடுகிறார்கள்?

கொட்டகைக்கு வரும் நாய்களைப் பார்த்தால் காரணங்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். மாற்றல். வீடு மாறுதல். குழந்தை பிறப்பு. நாய்க்கு வயதாகி நோய் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யோசிக்காமல் வாங்கியது.

2003-ல் ஒரு கைபேசி விளம்பரத்தில் சின்னப் பையனின் பின்னாலேயே ஓடியது ஒரு 'பக்' நாய். அதற்குப் பின் அந்த ஜாதி நாய்க்கு நாடெங்கும் கிராக்கி! சப்பை மூக்கால் அது மூச்சு விடவே சிரமப்படும், வெயில் தாங்காது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. பனிப் பிரதேசத்து ஹஸ்கியை மும்பைப் புழுக்கத்தில் இரண்டு அறை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது நாயிடமிருந்து நோய் தொற்றும் என்ற வதந்தியை நம்பித் தெருவில் விட்டவர்களும் உண்டு.

நாயை இப்படிக் கைவிடுவது குற்றம் என்பதே பலருக்குத் தெரியாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்கிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் சென்னை கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1953-ல் அவர் கொண்டு வந்த தனி மசோதாதான் இதற்கு முன்னோடி. ஆனால் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இரண்டு வடா பாவ், இரண்டு டீ சாப்பிடும் காசு! சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

புதிதாக வரும் நாயை முதல் இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்ப்பதில்லை. தனி அறை, தனித் தட்டு. பார்வோ என்ற நோய் வந்தால் குட்டிகள் ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகமாகப் பரவும். மழைக்காலத்தில் எலிக் காய்ச்சல் பயம் வேறு. டாக்டர் வந்து பார்த்துத் தடுப்பூசி போட்ட பிறகுதான் மற்ற நாய்களோடு பழக விடுவோம். தொண்டர்களான நாங்களும் வெறிநோய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூண்டு கழுவ வேண்டும். உண்ணி எடுக்க வேண்டும். சோறும் கோழியும் பெரிய அண்டாவில் வேகும். வெங்காயம் சேர்க்கக் கூடாது, நாய்க்கு ஆகாது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே நடத்திக்கொண்டு போக வேண்டும். சில நாய்கள் வந்த புதிதில் சாப்பிடாது. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான்.

எனக்குக் கிடைத்த பொறுப்பு பதிவேடு. நாய் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் அதில் வரிசையாக இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்தாரா? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பகலில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் நாய் யாரிடம்? மருந்துச் செலவுக்கு என்ன வழி? கடைசிக் கலம்: 'வீடு பார்த்தாயிற்றா?' வீட்டை நேரில் பார்க்காமல் நாயைக் கொடுப்பதில்லை என்பது மாவ்ஷியின் கண்டிப்பான விதி.

"என்ன சார், பெண் கொடுக்கிற மாதிரி விசாரிக்கிறீர்கள்?" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் எழுதிய பொய்

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மணி என்ற வெள்ளைப் பொமரேனியன் மீது அவருக்கு ஆசை. நல்ல மனிதர். எல்லாக் கேள்விக்கும் தலையாட்டினார். "வீட்டை எப்போ வந்து பாக்கலாம்?" என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"தம்பி, நாம ஒரே ஊர்க்காரங்க. என் வீட்டையா வந்து சோதனை போடணும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரதேசத்தில் ஊர்க்காரரை நம்பாமல் யாரை நம்புவது? கடைசிக் கலத்தில் 'பார்த்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் தெரிந்தே எழுதிய பொய் அது.

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தபோது, "நாய் ஓடிப்போச்சு தம்பி" என்றார். குரல் சரியில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். திட்டித் தீர்க்கும் ஆத்திரத்தோடுதான் போனேன். வாசலில் நின்றதும் வாய் அடைத்துவிட்டது.

பத்துக்குப் பத்தில் ஓர் அறை. ஐந்து பேர். மூத்தவர் ஒருவர் இருமலோடு படுக்கையில். வீட்டுச் சொந்தக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழ் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருடைய மனைவி, "நான் முதல்லயே வேண்டாம்னு சொன்னேன் அண்ணே" என்று அழுதார். இந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் நான் மணியைக் கொடுத்தே இருக்க மாட்டேன். அவர் செய்த குற்றத்தில் பாதி என் பேனா செய்தது.

இரண்டு இரவு தேடினோம். மேம்பாலத்தின் கீழேயே மணி இருந்தது! ஒரு காது கிழிந்து சீழ் பிடித்திருந்தது. அங்கே டீ விற்பவர் சொன்னார்: "நாலு நாளாக இந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆட்டோ எது வந்து நின்றாலும் ஓடிப்போய் மோந்து பார்க்கும். பிறகு திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்."

மாவ்ஷியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பதிவேட்டை எடுத்து வைத்து, 'பார்த்தாயிற்று' என்பதை அடித்து 'பார்க்கவில்லை' என்று எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போடச் சொன்னார். காது ஆறிய பின் மணி முலுண்டில் வயதான தம்பதியிடம் போயிற்று. அந்த வீட்டை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். தொண்டுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு அந்தப் பழைய பக்கத்தை இன்றும் எடுத்துக் காட்டுகிறேன்.

மாற்றலாகிப் போகிறவர்களுக்கு

நம்மவர்கள் பலர் ஊரோடு போக நேரும்போது, "ரயிலில் நாயை ஏற்ற மாட்டார்கள்" என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். இது தவறு. முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு தனி அறை முழுவதையும் உங்கள் பெயரில் பதிவு செய்தால் நாயை உடன் அழைத்துப் போகலாம். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்பலாம். கால்நடை டாக்டரிடம் தடுப்பூசி, உடல்நலச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பர் வகுப்பிலும் இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளிலும் அனுமதி இல்லை.

அழைத்துப் போகவே முடியாது என்றால், மாற்றல் உத்தரவு வந்த அன்றே வீடு தேடத் தொடங்குங்கள். கிளம்பும் நாள் காலையில் கதவில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். நாயின் வயது, ஊசிச் சீட்டு, எதைத் தின்னும், எதற்குப் பயப்படும் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வீடு கிடைப்பது பாதி சுலபம்.

தெருவில் பட்டை கட்டிய நாயைக் கண்டால் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தொலைந்து வந்த நாயாகவும் இருக்கலாம். பயந்த நாயைச் சட்டென்று தொடக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி வைத்துக் கட்டுவது உயிருக்கே உலை வைக்கும். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது.

ராஜா என்ன ஆயிற்று?

மூன்றாம் நாள் சாப்பிட்டது. இப்போது என்னைக் கண்டால் வாலை ஆட்டும். ஆனால் ராஜா இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் குட்டி கேட்கிறார்கள். ஆறு வயது நாயை யார் கேட்கிறார்கள்?

போன மாதம் ஓர் இளைஞர் ராஜாவை வெகு நேரம் தடவிக்கொடுத்தார். பிறகு என் பதிவேட்டைப் படித்துவிட்டு, "எனக்கு ஆசைதான் சார். ஆனால் அடுத்த வருஷம் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஞாயிறுதோறும் வந்து ராஜாவை நடத்திக்கொண்டு போகிறார்.

வைத்துக் காப்பாற்ற முடியுமானால் வாருங்கள். முடியாது என்றால், முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வாயில்லாப் பிராணிக்கு அதுவும் பெரிய உபகாரம்தான்.