கரையில் நின்று கடலில் தூண்டிலிடுதல்

குன்னத்தூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நம்மவருக்குக் கடல் என்பது அமாவாசையன்று முழுகி எழுவதற்குரிய நீர், அவ்வளவே. தூண்டில் என்பதோ குளக்கரையில் மண்புழுவைக் கோத்துக்கொண்டு கெளுத்திக்குக் காத்திருக்கும் சிறுவர்களின் பொழுதுபோக்கு. இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவேண்டுமென்ற ஆசை சென்ற பங்குனியில் நெசவாளர் சங்க அங்கத்தினர் அறுவருக்கு உண்டாயிற்று. இராமேசுவர யாத்திரை முடிந்தபின் ஒரு நாள் தங்கி, கரையில் நின்றபடியே கடல் மீன் பிடித்துப் பார்க்கலாமென்று அவர்கள் தீர்மானித்தனர். யாத்திரைக்குப் போன இடத்தில் மீன் பிடிப்பதா என்று மூத்தவர் ஒருவர் ஆட்சேபித்தார். தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மறுநாள் ஊரைவிட்டுத் தள்ளிப் போய்த்தான் தூண்டிலைத் தொடுவது என்ற உடன்பாட்டின்மேல் அவரும் வரச் சம்மதித்தார். கணக்குப் பார்க்க வரும் நம்மையும் அழைத்தனர். நமக்கும் அது முதல் அநுபவமே.

பருவம் நன்றாக அமைந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, தென்மேற்குக் காற்று இன்னும் வலுப்பெறாத இடைக்காலம் மாசியும் பங்குனியும். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குகின்றனர். சித்திரை பிறந்ததும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடியக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீடிக்கப்பட்டது. கரையிலிருந்து கைத்தூண்டில் போடுவோரை இது தொடாது. ஆயினும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அவற்றின் பக்கம் போகலாகாது. கடல் அட்டை, கடற்குதிரை போன்றவை கையில் அகப்பட்டாலும் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

கருவிகளைப்பற்றிச் சொல்லப் புகுந்தால் நெசவாளருக்கு இது பாதி தெரிந்த தொழிலென்றே தோன்றும். தூண்டில் முள்ளுக்கும் நம் நூலைப்போலவே நம்பர் உண்டு. 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் மெல்லியதாவது போல, 4-ஆம் நம்பர் முள்ளைவிட 10-ஆம் நம்பர் முள் சிறியது. முதன்முதல் பழகுவோருக்கு உகந்த மீன் கிழங்கான். அதற்குச் சிறுவாய், ஆகவே 8 அல்லது 10-ஆம் நம்பரே போதும். கயிறு, தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நைலான். 50 மீட்டர் இருந்தால் தாராளம். நுனியில் 50 கிராம் ஈயக்குண்டு. அதற்கு ஒரு முழம் மேலே முள். பஞ்சு நூலாலும் சணலாலும் வலை பின்னிய காலத்தில் அது உப்புநீரில் மக்காதிருக்கத் துவர்ப்பட்டைச் சாயத்தில் தோய்த்து அடிக்கடி வெயிலில் காயவைத்தார்கள். நைலான் வந்தபின் அவ்வேலை ஒழிந்தது. ஆனால் அறுந்து கடலில் கிடக்கும் நைலான் மக்குவதுமில்லை. அறுந்த துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வதே முறை.

முடிச்சில்தான் நம்மவர் ஏமாந்தனர். இழை அறுந்தால் தறியில் நாம் போடும் முடிச்சும், வலைக்கண்ணுக்கு மீனவர் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. இதையறிந்த பெருமிதத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் தங்கூசியையும் அவ்வாறே முடிந்து வீசினார். முதல் மீன் கடித்ததும் முடிச்சு வழுக்கி, முள்ளும் மீனும் போயின. பஞ்சு நூலின் பிசிர் ஒன்றையொன்று பற்றும். நைலானுக்குப் பிசிர் ஏது? முள்ளின் காதில் இழையை நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதருகே உள்ள முதல் கண்ணியில் விட்டு, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வின் சூட்டில் இழை நலிந்துவிடும்.

இரைக்குக் கால் கிலோ சிறு இறால் வாங்கி, ஓடு நீக்கி, ஈரத் துணியில் பொதிந்து வைத்திருந்தோம். வீசும்போது இறால் கழன்று பறந்தது. மூத்தவர் தம் மடியிலிருந்த கழிவு நூலை எடுத்து இரையை முள்ளோடு நாலு சுற்றுச் சுற்றினார்; பிறகு ஒன்றும் கழலவில்லை. ஆட்சேபித்தவரும் அவரேதான்.

தென்கரையில் நமக்கு வழிகாட்டியவர் ஒரு முதிய மீனவர். வந்தவுடன் வீசத் தொடங்கிய நம்மை அவர் தடுத்து, "தம்பி, முதல்ல உக்காந்து தண்ணியைப் பாருங்க" என்றார். அரை மணி நேரம் மணலில் உட்கார வைத்துவிட்டார். குளத்து நீர் கிடந்த இடத்தில் கிடக்கும். கடல் நீர் கிடப்பதில்லை. நாளொன்றுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிதாகவும் அஷ்டமியை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும். ஏற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம், அதுவும் விடியலிலோ அந்தியிலோ வாய்த்தால், கிழங்கான் கரையோரம் மேய வரும். முதல் அலை உடையும் வரிக்குச் சற்று அப்பால் விழுந்தால் போதும். 20 மீட்டர் எறியத் தெரிந்தவன் 80 மீட்டர் எறிபவனுக்குக் குறைந்தவனல்லன்.

பிறகு அவர் ஓரிடத்தைக் காட்டினார். இருபுறமும் அலைகள் வெள்ளை வெளேரென்று உடைய, நடுவில் மட்டும் உடையாமல், கறுத்து, அமைதியாக ஒரு சந்து தெரிந்தது. அலைகள் கரைக்குக் கொணர்ந்த நீர் திரும்பிச் செல்லும் ஓடை அது. மணலை அரித்து, புழுவையும் சிறு சிப்பியையும் கிளப்பிக்கொண்டு போவதால் மீன் அங்கே கூடும். அதன் ஓரத்தில் வீசினோம். இழையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். பாவில் ஓரிழை தளர்ந்தாலும் விரலால் அறியும் நெசவாளருக்கு, கிழங்கானின் இரட்டைக் கொத்தல் விளங்க அதிக நேரமாகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து கிழங்கான், ஒரு காரல். கெளுத்தி ஒன்றும் வந்தது; அதன் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் விஷமுடையன. குத்தினால், தோல் வெந்துபோகாத அளவுக்குத் தாளக்கூடிய வெந்நீரில் கையை அரை மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, வைத்தியரிடம் செல்லவேண்டும். உப்பிக்கொள்ளும் பேத்தை மீனைத் தின்னவே கூடாது.

இனிச் சொல்ல இருப்பது நமக்கு இழுக்கான சங்கதி. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

ஒருவரது முள் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கொணர்ந்த முட்களில் பாதி அதற்குள் போய்விட்டிருந்தபடியால், "இதையும் விட்டுவிடாதீர்கள்" என்று நாம் சொன்னோம். ஒரு தேநீர் விலை பெறாத முள். அவர் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழையைப் பற்றியபடி நீரில் இறங்கினார். அலையில்லாத இடம் என்பதால் நமக்கும் அச்சம் தோன்றவில்லை. இடுப்பளவு நீருக்குப் போனதும் அவர் காலடி மணல் நழுவிற்று. அடுத்த கணம் அவர் தலை மட்டுமே தெரிந்தது; அதுவும் கரையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. கரையை நோக்கி நீந்தினார். நீந்த நீந்தப் பின்னால் போனார். நாம் அறுவரும் நின்று கூவினோமேயன்றி, செய்வது இன்னதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பெரியவர் ஓடி வந்து, "கரைக்கு வராதே! பக்கத்துல போ, பக்கத்துல!" என்று கையை வீசி வீசிக் காட்டினார். அது அவர் காதில் விழுந்தது நம் நல்வினை. மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கி, பிறகு கரைக்கு இணையாக நீந்தினார். அலை உடையும் இடத்தை அடைந்ததும் அவ்வலைகளே அவரைக் கரைக்குத் தள்ளின. இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய நூறு அடி தள்ளிக் கரையேறி, மணலில் விழுந்து வெகுநேரம் பேசாதிருந்தார். பெரியவர் நம்மை நோக்கி, "மீன் கிடக்குற இடம் ஆளை இழுக்குற இடம், வெளியூர்க்காரங்களுக்கு அதுதான் தெரியுறதில்லை" என்றார். அவர் யாரையும் குறிப்பிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. சொன்னவர் நாமென்பது நமக்குத் தெரியும்.

அவ்வோடையின் வேகம் சில சமயம் வினாடிக்கு 2 மீட்டர் அளவுக்குப் போகும். பந்தயங்களில் வெல்லும் நீச்சல்வீரரும் அதை எதிர்த்து முன்னேற இயலாது. வேனிற்காலத்துக்கு இன்னொரு அபாயமும் உண்டு. தொலைவிலுள்ள தென்சமுத்திரத்தில் எழும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் வந்து ஏறும். இதைக் கள்ளக்கடல் என்பர். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6 அன்று, அத்தகைய எச்சரிக்கை இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். அவர்களும் கரையோரத்தில் நின்றவர்களே.

மறுநாள் விடியலில் தூண்டிலை எடுக்க ஒருவருக்கும் மனமில்லை. கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனோம். வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்கின்றனர். வரிசையின் கடையில் நமக்கும் இடம் கொடுத்தனர். உள்ளங்கை சிவந்ததே நமக்குக் கிடைத்த பங்கு. மீன் கரைசேர்ந்ததும் ஏலம். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் போகவேண்டும் என்ற கட்டு பல கரைகளில் உண்டு. நூல் கொடுத்தவருக்கே சேலை என்று இருந்த நம் பழைய கதைதான். இக்கட்டை அவிழ்க்கவே கரையிலேயே விற்பனையும் கடனும் நடத்தும் கிராமச் சங்கங்கள் தோன்றி, 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துச் சங்கங்களும் அதில் உண்டு. கணக்குப் பார்ப்பவனுக்குக் கடற்கரையிலும் கணக்கே கண்ணில் படுகிறது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியபின் அந்த அங்கத்தினர் எஞ்சிய தங்கூசியைத் தார்க்குச்சியில் சுற்றி, தறிக்கருகே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். வருகிற பங்குனியில் மீண்டும் போவதாக ஏற்பாடு. அவர்தான் முதலில் பெயர் கொடுத்தார். இம்முறை 30 மீட்டர் கயிறும், மூடி இறுகிய இரண்டு காலிப் பிளாஸ்டிக் கேன்களும் கொண்டுபோகிறோம். தவறி விழுந்தவருக்கு எறிந்தால் பற்றிக்கொண்டு மிதக்கலாம். முழங்காலுக்கு மேல் நீரில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொள்வோரையே அழைத்துச் செல்வதென மூத்தவர் நிபந்தனை விதித்திருக்கிறார். மாட்டிய முள்ளை அறுத்துவிட ஒரு கத்தரிக்கோல், அது நம் பொறுப்பு.