16 மி.மீ. லென்ஸ்: எதை இருப்பு வைப்பது?

ப்யூஜி நிறுவனத்தின் எக்ஸ் வரிசை மிர்ரர்லெஸ் காமிராக்களுக்கு 16 மி.மீ. அகலக்கோண லென்ஸ் இரண்டு வகையில் வந்தது. 2015-ல் எஃப் 1.4, 2019-ல் எஃப் 2.8. வெளியான சமயம் அமெரிக்காவில் முன்னதற்கு 999 டாலரும், பின்னதற்கு 399 டாலரும் விலை குறித்தார்கள். பெரியது ஒன்றின் விலையில் சிறியது இரண்டு வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். புதுச் சரக்கானாலும், கைமாறி வரும் பழைய சரக்கானாலும், போட்டோ சாமான் வியாபாரிக்கு முதல் முடங்குவது இங்கேதான்.

பிலிம் காலத்திலிருந்து கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தக் காமிராக்களின் சென்ஸார் 35 மி.மீ. பிலிம் கட்டத்தைவிடச் சிறியது. ஆகவே பழைய 24 மி.மீ. லென்ஸ் காட்டிய அகலத்தைத்தான் இங்கே 16 மி.மீ. காட்டும். இரண்டுக்கும் இதில் வேற்றுமை இல்லை.

வேற்றுமை வெளிச்சத்தில் இருக்கிறது. எஃப் 1.4-ல் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சிறியதை வைத்து ஒரு வினாடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய இடத்தில், பெரியதற்கு 125-ல் ஒரு பங்கு போதும். விளக்கு மங்கலான மண்டபத்தில், பிளாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்ட கல்யாணத்தில், தாலி கட்டும் கை 30-ல் ஒரு பங்கில் கலங்கித் தெரியும். அந்தக் கட்டத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே கல்யாணப் படத்தை நம்பிப் பிழைப்பவருக்குப் பெரியதைச் சிபாரிசு செய்யத் தயங்க வேண்டாம்.

ஆனால் வந்தவரெல்லாம் அப்படிப்பட்டவர் அல்லர். வீடியோக்காரர் விளக்கைப் போட்டு மேடையைப் பகலாக்கிவிட்டாரென்றால் எஃப் 2.8 தாராளமாகப் போதும். கோயில், மலை, ஊர் சுற்றிப் படம் எடுப்பவர் எஃப் 8-ல்தான் எடுப்பார். அவர் தலையில் 375 கிராம் லென்ஸைக் கட்டினால் மறு மாதமே பாதி விலைக்கு நம்மிடம் கொண்டு வருவார். சிறியது 155 கிராம்தான். மோட்டார் சத்தமும் குறைவு. கோடுகளை நேராகக் காட்டுவதற்கு அது காமிராவுக்குள் நடக்கும் திருத்தத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. பெரியதில் அந்த வேலையைக் கண்ணாடியே பெரும்பாலும் செய்துவிடுகிறது. கட்டிடப் படம் எடுப்பவர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெரிய லென்ஸை விற்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதன் போகஸ் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் தூர அளவுகள் வெளியே தெரியும், ஆட்டோ போகஸ் நின்றுவிடும். பையிலிருந்து எடுக்கும்போது வளையம் தானாக நகர்ந்துவிட்டாலும் இதே கதைதான். "சார், லென்ஸ் போய்விட்டது" என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், சர்வீஸுக்கு அனுப்பும் முன் வளையத்தை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். விற்கும்போதே காட்டிக் கொடுத்துவிட்டால் அந்த நடையும் மிச்சம்.

இரண்டிலும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு கிடையாது. அது காமிராவில் இருந்தால்தான் உண்டு. தூசி, தூறல் தாங்கும் காப்பு இரண்டிலும் உண்டு. ஆனால் காமிராவிலும் அது இல்லையென்றால் பயனில்லை. மழைக்காலத்தில் இதைச் சொல்லாமல் விற்றால் பேச்சு கேட்க வேண்டி வரும்.

நம் கணக்கில், பெரியது ஒன்றுக்குச் சிறியது மூன்று என்று இருப்பு வைப்பது சரி. கல்யாண ஸ்டூடியோக்கள் நிறைந்த வீதியில் கடை இருந்தால் மட்டும் இதை மாற்றலாம். பில்டர் வாங்கும்போது கவனம் தேவை: பெரியதற்கு 67 மி.மீ., சிறியதற்கு 49 மி.மீ. ஒன்றின் பில்டர் மற்றதில் ஏறாது. மூடிகளும் அப்படியே.