கணினியைப் புதுப்பித்தபின் பம்பு செட்டின் கீபேட் இயங்காமை: காரணமும் பரிகாரமும்

ராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரக் கிராமங்களில் வருஷத்து மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகின்றது. பிறகு கண்மாயிலும் பண்ணைக்குட்டையிலும் தேங்கிய நீரைக்கொண்டே, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயைக் காப்பாற்ற வேண்டியிருக்கின்றது. பூக்குந் தருணத்தில் தண்ணீர் தவறினால் பூ உதிரும். ஆகையால், பம்பு செட்டைக் குறித்த நேரத்தில் ஓட்டி நிறுத்துதற்கு ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஒற்றைப்பலகைக் கணினியையும் கீபேடையும் அமைத்துக்கொள்வோர், அது நின்றுபோனால் செய்யவேண்டுவதை அறிந்திருத்தல் அவசியம்.

இயக்கமுறைமையைப் புதுப்பித்தபின், திரையில் மணி சரியாகத் தெரிந்தும் விசைகளை அழுத்தினால் பயனில்லாமற் போவதுண்டு. உடனே உப்புக்காற்றின்மேற் பழி செல்லும். 1914-ல் திறக்கப்பெற்ற பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்த காற்று, மெல்லிய செப்புக் கம்பியை விட்டுவைக்குமோ என்பது நியாயமான சந்தேகமே. ஆயினும் பழுது கீபேடிலா, கணினியிலா என்று தெளியாமல் புதுக் கீபேட் வாங்குதல் வீண் செலவாகும்.

சாதனத்தின் அமைப்பு

பதினாறு விசைகள் கொண்ட கீபேடில் நான்கு கிடைவரிசைகளும் நான்கு நெடுவரிசைகளும் உள்ளன. அவற்றிற்கு எட்டுக் கம்பிகள் போதும். ஒரு விசையை அழுத்துங்கால் ஒரு கிடைக்கம்பியும் ஒரு நெடுக்கம்பியும் சேருகின்றன. கணினி ஒவ்வொரு வரிசையாகச் சோதித்து, எவ்விரண்டு சேர்ந்தன என்பதைக்கொண்டு விசையை அறிகின்றது.

பரிசோதிக்கும் முறை

முதலில் மோட்டாரின் மின்சாரத்தையும் கணினியின் மின்சாரத்தையும் நிறுத்துக. பின்பு அடியிற்கண்டவாறு பார்க்க:

1. ஒரு வரிசை விசைகள் மட்டும் இயங்காவிடின், அவ்வரிசைக் கம்பியோ இணைப்போ அரித்திருக்கும். ஒரே விசை இயங்காவிடின், அவ்விசையே பழுது. எல்லா விசைகளும் புதுப்பித்த நாளிலிருந்தே ஒருங்கே நின்றிருந்தால், இயக்கமுறைமையையே முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

2. கீபேடைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, விசைக்குரிய இரு கம்பிகளையும் தொடுக. அழுத்தும்போது தடை குறைந்தும் விட்டவுடன் உயர்ந்தும் காட்டினால் கீபேட் நலமாயிருக்கின்றது. சவ்வு வகைக் கீபேடில் மீட்டர் ஒலிக்காமலும் இருக்கலாம், எண்ணையே நம்புக.

3. பலகையை மாற்றாதிருந்தால், பழைய மெமரி கார்டை மீண்டும் செருகிப் பார்த்தல் எளிய சோதனை. அதில் விசைகள் இயங்கினால் கம்பியிலும் கீபேடிலும் குற்றமில்லை.

இயக்கமுறைமையில் நேர்ந்த மாறுதல்கள்

2023 அக்டோபரில் வந்த 'புக்வொர்ம்' பதிப்பில், 'பூட்' அடைவிலிருந்த 'கான்ஃபிக்' கோப்பு, அதனுள் 'ஃபர்ம்வேர்' என்னும் உள்ளடைவுக்கு மாற்றப்பட்டது. கீபேடைப் பற்றிய குறிப்பைப் பழைய இடத்தில் எழுதினால் கணினி அதனைக் கொள்ளாது.

2024 மார்ச்சில் அம்முறைமை 6.6 என்னும் கர்னலுக்கு மாறியது. அப்போது, பழைய 'சிஸ்எஃப்எஸ்' வழியாக முனைகளை அழைக்கும் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 512-லிருந்து தொடங்கலாயின. முன்பு 17 என்று அழைத்த முனை நான்காம் ரகப் பலகையில் 529 ஆயிற்று. கம்பி இருக்குமிடம் மாறவில்லை, பெயரே மாறிற்று. இவ்வழி 2016 முதலே கைவிடத்தக்கதென்று அறிவிக்கப்பட்டதாதலின், எண்ணைத் திருத்துவதினும் 'லிப்ஜிபிஐஓடி' முறைக்கு மாறுதல் நன்று.

'ஆர்பிஐ.ஜிபிஐஓ' என்னும் பழைய நூலகத்தில், விசை அழுத்தப்பட்டதை அறிவிக்கும் பகுதி இக்கர்னலில் பிழை காட்டும். 2023-ல் வெளிவந்த ஐந்தாம் ரகப் பலகையில் அந்நூலகம் இயங்குவதேயில்லை. அதனை நீக்கிவிட்டு 'ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ' என்பதை நிறுவினால், நிரலைப் பெரும்பாலும் திருத்தாமலே உபயோகிக்கலாம்.

முன்னெச்சரிக்கை

பயிர் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் நாட்களில் இயக்கமுறைமையைப் புதுப்பிக்கலாகாது. அறுவடை முடிந்தபின், பழைய கார்டை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு கார்டில் புதிய பதிப்பை எழுதிச் சோதித்தலே முறை. பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. 5 வோல்ட் கம்பி அவற்றில் படலாகாது. கீபேடையும் இணைப்புகளையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இட்டு, அவ்வப்போது மாற்றுக.

பொதுக்கிணற்றில் இத்தகைய சாதனம் இருக்குமாயின், எக்கம்பி எம்முனையில் உள்ளது, எப்பதிப்பு எந்நாளில் நிறுவப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவைக்கும்படி கிராம அலுவலர்கள் செய்தல் வேண்டும். கையால் இயக்கும் ஸ்டார்ட்டரை எக்காரணத்தாலும் அகற்றலாகாது. கணினி நின்ற நாளிலும் வயலுக்கு நீர் சென்றுகொண்டிருக்குமாயின், பழுதை நிதானமாக ஆராய்தற்கு அவகாசம் கிடைக்கும்.