ஒரு கையெழுத்து போதும்

தொடர் – 9

கருத்தடைச் சாதனங்கள் எங்கே, எப்படித் தவறுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படித் தவறிப்போன ஒரு வீட்டிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறேன்.

"நாள் தள்ளிப்போச்சுக்கா. பதினோரு நாளாச்சு" என்றார் அவர். ராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர். இரண்டு பிள்ளைகள். கணவர் விடுப்பு முடிந்து குவைத்துக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது.

என்னிடம் வருவதற்கு முன்பே மூன்று பேரைப் பார்த்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பப்பாளிக்காயும் எள்ளும் சாப்பிடச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சீட்டுகூடக் கேட்காமல் மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம தொடமாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூவரில் ஒருவர்கூட "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கவில்லை. அவருக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது என்பதும் பேசப் பேசத்தான் புரிந்தது. கலைப்பதா, பெற்றுக்கொள்வதா என்று அவர் இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. முடிவெடுக்க உதவும் ஒரு ஆளைத்தான் தேடியிருக்கிறார். கிடைத்தவர்கள் எல்லோரும் முடிவைக் கையில் வைத்திருந்தார்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து விஷயம். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிரம்பிய பெண்ணிடம் கேட்பது அவளுடைய சம்மதத்தை மட்டுமே. கணவர், அப்பா, மாமியார் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றாலோ, மனநலக் குறைபாடு இருந்தாலோதான் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 2021-இல் வந்த திருத்தம், கருத்தடை தவறிய பெண்ணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இருந்த 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'துணைவர்' என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமாகாத 25 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் சுமத்தக் கூடாது என்றும் சொன்னது. இவ்வளவு தெளிவாக இருந்தும், பதிவு மேசையில் இருப்பவர் கணவர் எங்கே என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியால் எத்தனை பெண்கள் மருந்துக்கடைப் பக்கம் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொரு குழப்பம், கணக்கில். பதினோரு நாள் தள்ளிப்போனதால் கருவுக்கும் பதினோரு நாள் என்றே அவர் நினைத்திருந்தார். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். 28 நாள் சுழற்சி உள்ள அவருக்கு அன்று 39-வது நாள், ஐந்தரை வாரம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-இலிருந்து 24 வரை, விதிகள் குறிப்பிடும் சூழல்களில் இருக்கும் பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் வேண்டும். மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரைதான். ஆக, பதறி ஓட வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. நிதானமாக யோசிக்கச் சில நாள்கள் இருந்தன. அதைச் சொன்னதும் அவர் விட்ட மூச்சு இப்போதும் காதில் இருக்கிறது.

மருந்துக்கடை அட்டையை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பரிசோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரருக்கு வழியில்லை.

சரி, யாரிடம் போவது? அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் என்றால், கருக்கலைப்புக்கான அனுமதிச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், சுவரைப் பாருங்கள். பிறகு அவர்கள் பேச்சைக் கவனியுங்கள். "இன்னைக்கே முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்தும் இடமும் சரியில்லை. "ஒருமுறை கலைச்சா அப்புறம் தங்கவே தங்காது" என்று மிரட்டும் இடமும் சரியில்லை. முறையாகச் செய்த கலைப்பு பிற்காலக் கருத்தரிப்பைப் பொதுவாகப் பாதிப்பதில்லை. காப்பர் டி போட்டால்தான் செய்வோம் என்று நிபந்தனை வைத்தாலும், ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதாக யாராவது காதைக் கடித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்று வளர்க்க முடியாது, கலைக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு மூன்றாவது வழியையும் நல்ல ஆலோசகர் சொல்வார். குழந்தை பிறந்த பின் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு. பெண் பெற்றுக்கொள்ள விரும்பி, வீட்டார்தான் கலைக்கச் சொல்லி இழுத்து வந்திருக்கிறார்களா என்பதும் அவர் கண்ணில் பட வேண்டும். சம்மதமில்லாமல் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அவருடன் போனேன். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, நான் இவங்ககிட்ட தனியா பேசணும்" என்றார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நல்லாக் கேட்டாங்கக்கா" என்றார். ஒரு டீ குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அந்த விவரத்தை வெளியில் சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம். எனக்கு அது பொருந்தாவிட்டாலும், அவரிடம் நான் கொடுத்த வாக்கு இருக்கிறது.

(அடுத்த வாரம்: 18 வயது நிரம்பாத பெண்ணும் போக்சோ சட்டமும்)