புதிய கங்காணியின் பிழைகள்

தோட்டத்திற்கு ஆள் பற்றாக்குறை வரும்போது மண்டோரையோ மூத்த தொழிலாளியையோ அழைத்து, “உங்கள் உறவில் எவரேனும் உளரா?” என்று கேட்பதுண்டு. கேட்கப்பட்டவர் அந்நேரமே ஆள் சேர்ப்பவராகிவிடுகிறார். பால் வெட்டக் கற்றவர்தாம் அவர். ஆள் சேர்க்கக் கற்றவர் அல்லர். நூறாண்டுகளுக்கு முன்னர் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் இதே நிலையில் நின்றவர் கங்காணி. அவர் செய்த பிழைகள் நமக்கு இன்றும் பாடமாகும்.

அக்காலத்தில் நன்கு உழைத்த ஒருவரிடம் துரை உரிமச் சீட்டையும் வழிச்செலவையும் கொடுத்துத் தமிழகத்திற்கு அனுப்புவார். அவர் செல்வது தம் சொந்த ஊருக்கே. திரட்டிய ஆட்களை ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் சேர்ப்பார். அங்கிருந்து கப்பலில் பினாங்கு. புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். பின்னர்க் கெடாவிற்கு ரயில் பயணம். அலோர்ஸ்டார் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1915-ஆம் ஆண்டில்.

புதிய கங்காணியின் முதற்பிழை பொய் சொல்வதன்று. பாதி மெய் சொல்வது. நாட்கூலி இவ்வளவு என்பார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, இலையுதிர் காலத்தில் பால் குறையும், அரிசியின் விலை என்ன, காடு திருத்திய இடங்களில் மலேரியாக் காய்ச்சல் எத்தகையது என்பவற்றைச் சொல்லமாட்டார். ஊராரும் கேட்கமாட்டார்கள், அவர் காதில் மின்னும் கடுக்கனே போதிய சான்றாகிவிடும்!

இரண்டாவது, எண்ணிக்கையில் ஆசை. தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள்களைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே மண்வெட்டி பிடித்தறியாதவரும், வீட்டில் சினந்து வெளியேறிய இளைஞரும் கூட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் விதிகள் இறுகின. புறப்படுவோரைப் பற்றிக் கிராம முன்சீப் கையொப்பமிட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றினும் பெரிய பிழை கடன். ஊர்க்கடனைத் தீர்க்க முன்பணம், வழிச்செலவு, கப்பற்கட்டணம் யாவும் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டன. கரையில் கால் வைக்கும்போதே அவர் கடனாளி. அவர் அடுத்த தோட்டத்திற்கு ஓடிப்போனால், பணம் கொடுத்தனுப்பிய துரைக்குக் கங்காணியே பதில் சொல்லவேண்டும். எனவே அவர் தம் உறவினரையே காவல் காக்கலானார். உறவு அங்கேதான் முறிந்தது. செலவு செய்து ஆள் வரவழைத்த தோட்டம் ஒன்று, ஒரு காசும் செலவிடாமல் அவரைக் கவர்ந்துகொண்ட தோட்டம் மற்றொன்று என்னும் பூசல் முதலாளிகளிடையேயும் மூண்டது.

இதற்குத் தீர்வாக 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் அதற்குப் பணம் செலுத்தினர்; பயணச்செலவு அதிலிருந்தே கொடுக்கப்பட்டது. பயணக்கடன் தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது. முதலாளிகளின் பூசல் இல்லாதிருந்தால் இந்நிதி இத்தனை விரைவில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் கங்காணியின் வாக்கை எந்த நிதியும் காப்பாற்றவில்லை. 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்ட மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி, 1930-ஆம் ஆண்டில் ரப்பர் விலை வீழ்ந்தபோது 40, 32 காசாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் ஊர் திரும்பினர். கூலியைக் குறைத்தவர் கங்காணி அல்லர். ஆனால் ஊரார் அறிந்த முகம் அவருடையதே. 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு தடை விதித்தபின், கங்காணி வழி ஆள் சேர்ப்பு முடிவுற்றது.

இன்று ஊதியம் பெற்று ஆள் சேர்ப்பதைத் தொழிலாக நடத்துவோர் 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலை முகவர் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும். பிறருடைய கடப்பிதழைச் சட்டப்படியான காரணமின்றி வாங்கி வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். தம்பி மகனை அழைத்துவருபவருக்கு உரிமம் வேண்டியதில்லை. அவர் செய்யவேண்டியது, பாலிங்கிலோ சிக்கிலோ அந்தப் பிள்ளை பேருந்து ஏறுமுன், சென்ற ஆண்டு மழை மாதத்தில் தமக்குக் கிடைத்த சம்பளச் சீட்டையும் நல்ல மாதத்துச் சீட்டையும் அவன் கையில் கொடுத்து, இரண்டையும் படிக்கச் சொல்வதுதான்.