மௌனமாகிவிட்ட பிள்ளை

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குக் குழந்தைகளுடன் செல்லும் பெற்றோர் பலர். அந்த மகரிஷியும் ஒரு காலத்தில் பாடத்தில் மனம் செல்லாமல் ஏச்சுக் கேட்ட மாணாக்கர் என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

1892-இல் தகப்பனாரை இழந்த வேங்கடராமன், மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கிப் படித்தார். 1896 ஜூலையில், 16-ஆம் வயதில், திடீரென்று மரண பயம் அவரைப் பற்றியது. அன்று உள்ளத்தில் நேர்ந்த மாறுதலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டாரும் உபாத்தியாயர்களும் கண்டது, படிப்பில் சிரத்தை குறைந்ததை மட்டுமே. ஆகஸ்டு 29-ஆம் தேதி, தண்டனையாக இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுத உட்கார்ந்தவர், இடையில் அதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துகொண்டார். அன்றே வீட்டைத் துறந்தவர் செப்டம்பர் 1-ஆம் தேதி அருணாசலத்தை அடைந்தார். மகன் இருக்குமிடம் தாயார் அழகம்மாளுக்குத் தெரிய இரண்டு வருஷங்கள் ஆயின.

உலகம் ஒரு ஞானியைப் பெற்றது. ஆனால், வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளெல்லாம் அருணாசலத்தைச் சேர்வதில்லை.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. வீட்டில் அந்தக் காவலைப் பெற்றோரே ஏற்கவேண்டும். விளையாட்டுப் பிள்ளை ஒதுங்கியிருந்தால், சோறு செல்லாவிட்டால், உறக்கம் கெட்டால், அதைச் சோம்பல் என்று தீர்த்துவிடாதீர்கள். மதிப்பெண்ணை விசாரிக்குமுன் அருகில் உட்கார்ந்து, "என்னப்பா, மனசுக்கு என்ன?" என்று கேளுங்கள். உடனே பதில் வராமற்போகலாம், மறுநாளும் கேளுங்கள்.